பிலோமினா அக்காவுக்கு இரண்டாவது முப்பத்தொன்று

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். கடையில் நின்று ஒரு விளைமீனுக்குச் செதில் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பிலோமினா அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணை.

“தம்பி, பிலோ செத்துப்போனாளடா” என்றார்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் விடலாம். ஆனால் அக்காவை அறிந்த உங்களுக்கு மறைத்து என்ன பயன்? “அண்ணை, இந்தப் பகிடி மூண்டு வருசத்துக்கு முந்தியே விட்டாச்சு. அக்காவுக்குப் பாரைத்தலை எடுத்து வைச்சிருக்கிறன். கெதியா வரச்சொல்லுங்கோ” என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தப் பக்கத்தில் அண்ணை அழத் தொடங்கினார். விடியப்புறம் அக்கா நெஞ்சு நோகிறது என்றாராம். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டதாம். செதில் ஒட்டிய கையோடு நான் அப்படியே நின்றேன். பாரைத்தலைப் பொதியில் ‘அக்கா’ என்று என் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை யாருக்கு விற்பது?

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மரியதாஸ் அண்ணை கேட்டபோது, “நான் ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன் விலை எழுதிற பலகையை விட்டா வேற ஒண்டும் எழுதத் தெரியாது” என்றேன். “அவளை முதல்முதல் சாகடிச்சவன் நீதானே. நீயே எழுது” என்றார். ஆகவே எழுதுகிறேன். எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறவர் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

லண்டன் மோர்டனில் என் மகள் மதுரா படிக்கும் பாடசாலையின் சாப்பாட்டு அறையில் பிலோமினா அக்கா பரிமாறும் வேலை செய்தார். மன்னார்ப் பெண். வேலை இரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஆனால் புதன்கிழமைகளில் வீட்டுக்குப் போகமாட்டார். பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டம் முடியும்வரை, வீதி வேலைக்காரர் போடுகிற மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் ஆரஞ்சுத் தோடம்பழத் துண்டுகள், உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டியது. முதல்நாள் அதைத் தின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கண்ணீர் விட்டார்கள். அடுத்த கிழமை, “ஆன்ட்டி, அந்த எரிகிற பழம் இருக்கிறதா?” என்று அவர்களே ஓடிவந்து கேட்டார்கள்.

மதுராவுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு பெரிய கிளப் அவளைத் தன் பயிற்சிக்கு எடுத்தது. நான் தரையில் கால் படாமல் திரிந்தேன். ஆனால் கிளப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே பதிந்த பிள்ளை பாடசாலைக்கு விளையாடக்கூடாது. காலுக்கு ஏதும் நடந்தால் அவர்களுக்குத்தானே நட்டம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பிலோமினா அக்காவுக்குப் படவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் மீன் வாங்க வந்து சண்டை பிடிப்பார். கடையில் நிற்கிற சனம் தாங்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும்.

“அக்கா, ஸ்கூல் கிரவுண்ட் மாட்டுப்பட்டி மாதிரிக் கிடக்கு. விழுந்து கால் முறிஞ்சா நீங்களோ பாக்கிறது?”

“ஓம், நான்தான் பாப்பன். நீயோ பாக்கப்போறாய்? நீ மீன்முள்ளுக் குத்தினாலே மயங்கி விழுற ஆள்.”

“கிளப்பில அவளுக்கு எதிர்காலம் இருக்கு.”

“இருக்கட்டும், நான் வேண்டாமெண்டோ சொன்னனான்? ஆனா தம்பி, திறமான பிள்ளையள் எல்லாத்தையும் கிளப் அள்ளிக்கொண்டு போனா, மிச்சப் பிள்ளையள் ஆரைப் பாத்து ஓடுறது?”

எனக்குப் பதில் வராத நேரங்களில், “உங்களுக்கென்ன தெரியும் விளையாட்டைப் பற்றி” என்று சீண்டுவேன். ஒருநாள் அப்படிக் கேட்டபோது மீன் பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். அவர் மன்னாரில் வலைப்பந்து விளையாடியவர். பாடசாலை அணியில் ஏழு பேர். பிறகு மாவட்ட அணிக்கும் தெரிவானாராம். “மாவட்டத்தில என்னோட விளையாடினவையின்ர முகம்கூட ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தில விளையாடின ஏழு பேரில ரெண்டு பேர் சண்டைக்குள்ள செத்துப்போயிட்டினம். மிச்சப் பேர் ஒவ்வொரு நாட்டில. கிறிஸ்மஸ் எண்டா இண்டைக்கும் போன் எடுத்து ஆளையாள் ஏசுவம்” என்றார். 

மூன்று வருடத்துக்கு முன்பு பாடசாலை ஒரு கிண்ணப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்குக் காயம். பத்துப் பேர்தான் இருந்தார்கள். மதுரா வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆட்டம் புதன்கிழமை. அன்று மாலை கிளப்பில் பயிற்சி. நான் கடையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து பிலோமினா அக்கா, “என்னைச் சாகடி” என்றார்.

“என்ன?”

“பெரியம்மா செத்துப்போனா, புதன்கிழமை செத்தவீடு எண்டு சொல்லு. எங்கட சனத்தில ஆர்தான் பெரியம்மா இல்லை? எனக்கென்ன, நான் உயிரோட நிண்டு மட்ச் பாப்பன்.”

பைத்தியம் பிடித்த விசர் யோசனை. ஆனால் நான் அதைவிடப் பெரிய விசரன். கிளப் கோச்சுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் நல்ல பெண். குரலைத் தாழ்த்தி, “உங்கள் சமூகத்தில் துக்கம் எத்தனை நாள்?” என்று மரியாதையாகக் கேட்டார். அங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. ஒருநாள் என்று சொல்லியிருக்கலாம். என்னை அறியாமல், நம் வழக்கம் அப்படியே வாயில் வந்துவிட்டது. “முப்பத்தொரு நாள்” என்றேன். “அதை நாங்கள் மதிக்கிறோம். அதுவரை மதுரா வரத் தேவையில்லை” என்றார். நான் ஒரு புதன்கிழமை கேட்கப்போய் ஒரு மாதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அரையிறுதியில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். மதுரா அடித்தது ஒன்று. விசில் ஊதியதும் பதினொரு பிள்ளைகளும் சேற்றிலேயே இருந்து அழுதார்கள். கிளப்பில் தோற்றால் அவரவர் தாய் தகப்பனின் காரில் ஏறி அவரவர் வழியில் போவார்கள். அது எனக்குத் தெரியும், கூட்டிக்கொண்டு போகிறவன் நான்தானே. இங்கே ஒருத்தியின் தோளில் ஒருத்தி. நடுவில் என் மகள், முகமெல்லாம் சேறும் மிளகாய்த்தூளும். செத்துப்போன பிலோமினா அக்கா டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தியே தம்பி, கூடி அழுறதுக்கு ஆள் இருக்கு. இதைத்தான் நான் இவ்வளவு நாளும் சொன்னனான்.”

அடுத்த கிழமை கிளப்பிலிருந்து அனுதாப அட்டை வந்தது. அணியின் எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்து வைத்திருந்தார்கள். அக்கா அதை வாங்கித் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம், “நான் செத்ததுக்கு எனக்கு வந்த காட்” என்று காட்டினார்.

நான் அவ்வளவு சிரிக்கவில்லை. அந்த முப்பத்தொரு நாளுக்குள்தான், அடுத்த வருடத்துக்கு யாரை வைத்திருப்பது என்று கிளப் பார்த்து முடிவெடுக்கும் ஆட்டம் வந்தது. மதுரா அதில் இல்லையென்றால் அவள் கிளப்பிலேயே இல்லை. மகள் என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். விஷயம் அக்காவின் காதுக்குப் போன அன்றே, “வானை எடு” என்றார். மீன் மணக்கும் என் கடை வண்டியில் கிளப் மைதானத்துக்குப் போனோம். நான் இறங்கமாட்டேன் என்றேன். காதைப் பிடித்து இழுக்காத குறை.

கோச்சின் முன்னால் போய் நின்று, மஞ்சள் ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “மிஸ், ஐ ஆம் த டெட் ஆன்ட்டி.”

கோச் சிரிக்கவில்லை. அந்த அட்டையில் கையெழுத்து வைக்கும்போது இரண்டு பிள்ளைகள் அழுதார்கள் என்றார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீசில், பொய் சொன்னது நாங்கள் இரண்டு பேரும்தான், பிள்ளை இல்லை, பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் என்றார். மன்னிப்புக் கேட்டார். பிறகு, “மிஸ், அவளின்ர ஸ்கூல் பிள்ளையள் பத்துப் பேராய் நிண்டவை. டென் கேர்ள்ஸ். என்ன செய்யிறது?” என்று தமிழும் இங்கிலீசும் கலந்து கேட்டார்.

கோச் மைதானத்தின் பக்கம் திரும்பினார். “என்னிடம் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் மதுராவைக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கினார். அது அவளுக்குப் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு கிண்ணப் போட்டி வந்தால் மதுரா தானே போய்க் கேட்பாள். சிலவற்றுக்கு ஓம், சிலவற்றுக்கு இல்லை. இல்லை என்ற நாட்களில் அவளும் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று டப்பாவைப் பிடிப்பாள்.

திரும்பி வரும்போது வண்டியை நான் பேசாமல் ஓட்டினேன். “என்னடா, நான் உயிர்த்தெழுந்திருக்கிறன், நீ செத்தவன் மாதிரி வாறாய்” என்றார் அக்கா. கொஞ்ச நேரத்தில் அவரும் பகிடியை நிறுத்தி, “இனிமேல் கேட்டுப்போட்டுச் செய்வம். அந்தப் பிள்ளையள் அழுதவையாம்” என்றார். அதற்குப் பிறகு அந்த அட்டையை அவர் யாருக்கும் காட்டியதில்லை. கழற்றவும் இல்லை.

அவர் உண்மையாகவே போன அன்று மதுரா கோச்சுக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். “என் ஆன்ட்டி இறந்துவிட்டா” என்றாள். “அதே ஆன்ட்டியா?” என்று கோச் கேட்டது என் காதிலும் விழுந்தது. “ஓம், மிஸ்” என்றாள் மகள், தமிழில். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தேவாலயத்துக்கு கோச் வந்திருந்தார். பாடசாலைப் பிள்ளைகள் சீருடையோடு வந்து மூன்று வரிசை வாங்குகள் நிறைய இருந்தார்கள். வெவ்வேறு நாடுகளிலிருந்து அக்காவின் வயதில் நான்கு பெண்கள் மரியதாஸ் அண்ணையின் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இன்று முப்பத்தோராம் நாள். நான் அவருக்கு இரத்த உறவு இல்லை. அவர் வேதம் வேறு, என் கோயில் வேறு. எனக்குச் சாவுத் தீட்டு, துடக்கு ஒன்றும் இல்லை. என்றாலும் இந்த முப்பத்தொரு நாளும் நாள் முழுக்க மீன் வெட்டிவிட்டு, வீட்டில் மரக்கறிதான் சாப்பிட்டேன். அன்று பொய் சொல்லி வாங்கிய நாட்களை இந்த முறை உண்மையாக இருந்து முடித்தேன். “அப்பா, நானும் விளையாடாம இருக்கட்டோ?” என்று மதுரா கேட்டாள். “நீ இருந்தியெண்டா அவ எழும்பி வந்து எனக்கு அடிப்பா” என்றேன். அவள் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை.

அந்த ஐஸ்கிரீம் டப்பாவை மரியதாஸ் அண்ணை என்னிடம் தந்துவிட்டார். அனுதாப அட்டையை அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. போன புதன் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். இந்த வருடம்தான் பாடசாலைக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து டப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. “ஆன்ட்டி எங்கே?” என்று கேட்டது. எதற்கும் வாயடிக்கிற எனக்கு ‘செத்துப்போனா’ என்ற அந்த ஒரு சொல் வரவில்லை. ஒருமுறை கோச்சுக்குப் பொய்யாகச் சொன்ன சொல் அது. மதுராதான் குனிந்து மெல்லச் சொன்னாள். பிள்ளை புல்லில் குந்திவிட்டது. அதைக் கண்டு மற்றவர்களும் வந்து சுற்றி இருந்தார்கள்.

நான் டப்பாவைத் திறந்து ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தேன். காலையில் கத்தி கீறிய விரலில் உப்பும் மிளகாயும் பட்டு எரிந்தது. கை கழுவப் போகவில்லை. அவர்களோடு நானும் புல்லில் இருந்தேன்.