ஆறாவது ஜன்னலின் இரண்டு துளைகள்

மரியதாசனை நான் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக மாதா கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறும் பூசை முடிந்து வருவார் என்றிருந்தேன். திங்கள் காலையிலேயே, அல் குசைஸ் அறையில் அவருடன் தங்கியிருந்த செல்வத்தின் போன் வந்தது. “அம்மா, அண்ணன் போயிட்டாரு. டியூட்டிக்கு எழுப்பினோம், எந்திரிக்கல.”

வில்லாக்களுக்கு அலுமினிய ஜன்னல் பொருத்துவது அவர் தொழில். என் கணவர் காரில் கட்டி இழுத்துச் சென்ற பழைய கேரவன் என் மகன் வீட்டு வளாகத்தில் நிற்கிறது. அதன் ஆறு ஜன்னல் சட்டங்களும் அரித்திருந்தன. எல்லாம் புதிதாகப் போடலாம் என்றான் மகன். மரியதாசன் சட்டத்தை விரலால் தடவி, ஒட்டிய வெள்ளைத் தூளைக் காட்டினார். “இரும்புன்னா துருப்பிடிச்சு ஊரையே கூட்டும். இது சத்தமில்லாம பூக்கும். உள்ள நல்லாத்தான் இருக்கு, பாத்துக்கிடுங்க.”

ஞாயிறுதோறும் ஒரு சட்டத்தைக் கழற்றி, ஈர உப்புத்தாளால் தேய்த்து, புது ரப்பர் வைத்துப் பொருத்தினார். நான் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பேன். “அம்மா கைக்குட்டையை எடுத்தாலே ஃப்ரேம் பயந்து பளபளங்குது” என்பார். பள்ளியில் எங்கள் சிஸ்டர்கள் மேசையை அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்கு வேறு விதம் தெரியாது.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது ஒன்றுக்குத்தான். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் இரண்டு சிறு துளைகள் இருந்தன. மணல் வரும், மூடுங்கள் என்றேன்.

“மணல் வந்தா துடைச்சுக்கிடலாம். தண்ணி நின்னா ஃப்ரேம் அரிச்சுத் தீந்துடும், கலாஸ்மா.”

“இந்தப் பாலைவன ஊரில் ஏது மழை? வண்டி என்னுடையது. சொன்னதைச் செய்யுங்கள்.”

“சரிம்மா” என்றார். ஐந்து ஜன்னல்களிலும் துளைகளைச் சிலிக்கானால் அடைத்தார். கடைசி ஞாயிறு ஆறாவதைப் பொருத்தினார். அதை மட்டும் அடைக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். சிலிக்கான் தீரவில்லை, பாதிக் குழாய் கேரவன் படியிலேயே கிடந்தது.

போன வாரம் மழை பெய்தது. ஐந்து சட்டங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆறாவது காய்ந்திருந்தது. ஐந்தையும் நானே ஊசியால் குத்தித் திறந்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் எனக்குப் புரியாதது வேறு. நான் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒன்றை விட்டாரா? என் பேச்சு புண்படுத்தி, பாதியில் போனாரா? நெஞ்சு வலித்து, முடியாமல் போனாரா? அன்று மாலை அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்கிறார் செல்வம். கோபத்திலும் மனிதர்கள் அப்படிப் படுப்பார்கள், நோயிலும் படுப்பார்கள்.

அவருடைய உழைப்பில் ஆறு ஜன்னல்கள் என்னிடம் இருக்கின்றன. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்துப் போனார் என்பது மட்டும் என்னிடம் இல்லை. செல்வம், அந்த அறையில் இருந்த மற்றவர்களே, அன்று மாலை அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? திட்டியிருந்தால் திட்டியதையே சொல்லுங்கள். போனில் வேண்டாம், அழும் கிழவியிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். எழுதி அனுப்புங்கள்.