ஏழு நிமிடக் குற்றம்

இரண்டு உயரமான பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் சிலருக்குக் கவிதை வரும், சிலருக்குக் கழுத்து வலி வரும். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும்: இதில் ஏறி நின்றால் அது தெரியுமா? கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் கேமராவைப் பார்க்கவில்லை. ஃபோட்டோக்காரர் தலைக்கு மேல் தூரத்தில் நின்ற தண்ணீர்த் தொட்டியை அளந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் 'நேர்கோடு' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மனைவி மட்டும் கோபம் வந்தால் அதற்கு எதிர்ப்பதத்தைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

மொபைலில் நாம் பேசுவது பக்கத்துக் கோபுரம் வரைக்கும்தான் தானாகப் போகும். அங்கிருந்து அடுத்த கோபுரத்துக்கு அதைக் கடத்திவிட ஒரு தட்டும், அதைப் பார்த்தபடி எதிரே இன்னொரு தட்டும் வேண்டும். அந்த மைக்ரோவேவ் தட்டுகளை ஒன்றுக்கொன்று முகம் பார்க்க வைப்பது நேர்கோட்டின் தொழில். மாமனார் கண்மூடும்வரை, மருமகன் சமையல் அடுப்பு ரிப்பேர் செய்கிறார் என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தப் போனால் இன்னும் மோசமாகும் என்று யாரும் திருத்தவில்லை.

வேலையில் சேர்ந்த காலத்தில் தட்டு ஒவ்வொன்றும் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜை அளவு இருக்கும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி அடுத்த கோபுரம். அங்கே நிற்கும் கூட்டாளியோடு வாக்கி டாக்கியில் பேசியபடி ஸ்பேனரைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்ப வேண்டும். பத்தொன்பது வருடம் இருவரும் இப்படித் தினமும் பேசிக்கொண்டார்கள். நேரில் பார்த்தது நான்கு முறை. உலகத்தில் இவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்த ஜோடி வேறு இல்லை என்று மனைவி சொல்வாள், குரலில் கொஞ்சம் பொறாமையோடு.

பிறகு முன்னேற்றம் வந்தது. தட்டு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு என்ற அளவுக்குச் சுருங்கியது. நாற்பது கிலோமீட்டர் ஒன்றேகால் கிலோமீட்டர் ஆனது. அலைவரிசை எண்பது கிகாஹெர்ட்ஸுக்கு ஏறியது. நூறு மடங்கு சரக்கை ஏற்றலாம், ஆனால் கதிர் ஊசி மாதிரி. ஒரு டிகிரி தவறினால் போச்சு. மழை என்றால் அதற்கு ஆகவே ஆகாது. எதிர்முனையின் சிக்னல் அளவை இங்கிருந்தே திரையில் பார்க்கலாம் என்று ஆனதும், எதிர்முனையில் நின்ற கூட்டாளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இது போதாதென்று மைத்துனன் வேறு. மனைவியின் தம்பி கண்ணாடி இழைக் கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் ஒப்பந்தக்காரன். வரும்போதெல்லாம், "மாமா, இன்னும் மேலேயேதான் பாத்துட்டு இருக்கீங்களா? வியாபாரம் எல்லாம் கீழ போய் ரொம்ப நாளாச்சு" என்பான். தெருவில் முக்கால்வாசியைத் தோண்டிப் போட்டவன் அவன் என்பதால், அதை மறுக்கவும் வழியில்லை.

அந்த வருடம் மழை பிடிப்பதற்கு முன், மாதத்தின் முதல் வாரத்தில் மேனேஜர் ஒரு கூட்டம் போட்டார். இனி வரும் தட்டுகள் தாமே திரும்பித் தாமே சரிசெய்துகொள்ளும். ஆகவே மேலே ஏறும் நான்கு பேரில் ஒருவர் போதும். மாதக் கடைசி வரை யார் பெயரில் ஒரு நிமிடத் துண்டிப்புகூடப் பதிவாகவில்லையோ அவர் இருப்பார். இதைச் சொல்லும்போது மேனேஜருடைய முகத்தில் துக்கம் சரியான அளவில் இருந்தது.

இரண்டு வாரத்தில் மற்ற மூவரும் தீர்ந்தார்கள். ஒருவர் வேறு கேபிளைப் பிடுங்கினார். ஒருவர் ஸ்பேனரை நழுவவிட, அது கீழே இருந்த பவர் பெட்டியின் மேல் விழுந்தது. மூன்றாமவர் எதையும் தொடவில்லை. அவர் சாய்ந்து நின்ற ஸ்விட்ச்தான் அணைந்துவிட்டது. மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி. ஐம்பத்து நான்கு வயதான நேர்கோடு சும்மா இருந்தாலே போதும், வேலை அவருக்குத்தான். மனைவி அந்த ஒன்பது நாளையும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவருடைய தெருமுனைக் கோபுரத்தில் புதிய தட்டு ஏறியது. தானே திரும்ப வைக்கும் மென்பொருள் பின்னால் வரும், அதுவரை கையால்தான் பொருத்த வேண்டும். மாட்டியவர் இளம் இன்ஜினியர். நல்ல பிள்ளை, படிப்பாளி, உயரம் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். மறுநாள் கேபிள் கட்டப் போன நேர்கோடு சிக்னல் அளவைப் பார்த்தார். கணக்குப்படி மைனஸ் முப்பது இருக்க வேண்டும். இருந்தது மைனஸ் ஐம்பத்தொன்று. பூஜ்யத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சோனி.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. தட்டிலிருந்து கிளம்பும் கதிரில் நடுவில் ஒரு கொழுத்த விரல் உண்டு. அதன் இரு பக்கமும் நோஞ்சான் விரல்கள். பழைய ஆட்கள் தட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முழுதாகத் திருப்புவார்கள். அளவு ஏறி, இறங்கி, மறுபடி உயரமாக ஏறி, இறங்கி, கடைசியாக இன்னொரு முறை குட்டையாக ஏறி இறங்கும். நடுமேடுதான் நிஜம். இன்ஜினியர் முதல் மேட்டிலேயே கொடியை நட்டுவிட்டு இறங்கியிருந்தார். அலுவலகத் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. வெயில் காலத்தில் நோஞ்சான் விரலும் வேலை செய்யும். நல்ல மழை ஒன்று வந்தால் இருபது நிமிடத்தில் தெருவே ஊமையாகும்.

அவர் முறைப்படி சொன்னார். இன்ஜினியர் முறைப்படிக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, பச்சைதானே எரியுது? ஓடுற லிங்க்கை எதுக்குத் தொடணும்?"

"தம்பி, நீங்க பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு பேசுறீங்க. பேச வேண்டிய வீட்டுக்காரருக்கு ஏதோ காதுல விழுது, அவ்வளவுதான்."

தொட வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டும் என்றார் இன்ஜினியர். மூன்று பேர் ஒப்புதல், பதினோரு வேலை நாள். மழை ஒரு வாரத்தில் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மழைக்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று நேர்கோடு கேட்கவில்லை. கேட்க நினைத்ததை முகம் காட்டிக் கொடுத்துவிட்டது.

வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட நின்றால் அந்தத் தட்டு நேரே தெரியும். கோணல் மொத்தம் ஒன்றரை டிகிரி. மனைவி துணிக்கொடியின் அந்தப் பக்கமிருந்து பார்த்தாள், இந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நேராத்தானே இருக்கு?"

"உனக்குத் தெரியாது."

"தெரியாம இருக்கறதுதான் நல்லது. இன்னும் ஏழு நாள். மாடிக்கு வராதீங்க, துணியை நானே எடுத்துக்கறேன்."

அவர் இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. போகாமலேயே தெரிந்தது. குளிக்கும்போது தெரிந்தது, சோற்றைப் பிசையும்போது தெரிந்தது. சுவரில் தொங்கிய காலண்டரை மூன்று முறை நிமிர்த்தினார். தெருவில் யாராவது போனை எடுத்து 'ஹலோ' என்றால், அந்த ஹலோ பக்கத்து வீட்டு வாசலில் கூனிக்குறுகி நிற்பதாகப் பட்டது. இதற்கு மருத்துவம் இருந்திருக்கலாம். அவர் போய்ப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டரை மணி. தெரு மொத்தமும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரம். மனைவி அசந்ததும் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு கிளம்பினார். இடுப்பில் பெல்ட், பையில் ஸ்பேனர். கோபுரக் காவலாளி அவரைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மறுபடி தூங்கினார்.

மேலே ஏறியதும் மரையைத் தளர்த்தினார். அளவு மைனஸ் ஐம்பத்தொன்றிலிருந்து சரிந்து ஒன்றுமில்லாமல் போனது. அந்த நொடியில் எங்கேயோ ஒரு திரையில் பச்சை சிவப்பானது. அவருக்கு அது தெரியும். தெரிந்தே கால் சுற்று, அரைக்கால் சுற்று, விரல் அழுத்தும் அளவு ஒரு நகர்த்தல். மைனஸ் நாற்பது, முப்பத்தாறு, முப்பத்தொன்று. இன்னும் கொஞ்சம் தள்ளினார், குறைந்தது. திரும்பி வந்தார். மைனஸ் முப்பது. வழக்கம் மாறாமல் மூன்றாவது மேட்டையும் போய்ப் பார்த்துவிட்டு நடுவுக்குத் திரும்பி மரையை இறுக்கினார். வாக்கி டாக்கி இல்லாத கையை வாயருகே கொண்டுபோய், பழைய கூட்டாளியிடம் சொல்வதுபோல, "வந்துட்டேன், மாப்ள" என்றார். எதிர்முனையில் இப்போது காற்றுதான்.

மொத்தம் ஏழு நிமிடம்.

புதன்கிழமை விசாரணை. ஏசி அறையில் மேனேஜர், இன்ஜினியர், திரை. திரையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, ஞாயிறு மதியம் அனுமதியின்றி ஏழு நிமிடத் துண்டிப்பு. இரண்டு, அதே ஞாயிறு மதியத்திலிருந்து அந்த இணைப்பின் அளவு இருபத்தொன்று உயர்ந்திருக்கிறது. இரண்டாவதற்குக் காரணம் சனிக்கிழமை போட்ட 'தானே கற்றுக்கொள்ளும்' மென்பொருள் என்று, அதை விற்ற கம்பெனி படத்தோடு அறிக்கை அனுப்பியிருந்தது. ஒரே நாளில் இவ்வளவு கற்றுக்கொண்டதே என்று மேனேஜர் வியந்தார். இன்ஜினியர் தன் ஷூவைப் பார்த்தார். அதிலும் எதுவும் நேராக இல்லை போலிருக்கிறது, வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க தொட்டீங்களா இல்லையா? அது மட்டும் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"தொட்டேன் சார். சரி பண்ணினதும் நான்தான்."

"சரி பண்ணினதுக்கு அந்தப் படிவத்துல இடம் இல்லையே."

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நிஜமாகவே இடம் இல்லை.

வெளியே வரும்போது இன்ஜினியர் லிஃப்ட் வரை கூட வந்தார். அவருக்காகப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். லிஃப்ட் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மழை பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத மழை. ஊரில் புதிய தட்டு மாட்டிய தெருக்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. மைத்துனன் எங்கிருந்தோ மூன்று முறை அழைத்து, மூன்று முறையும் பாதி வார்த்தையில் அறுந்தான். பள்ளத்தில் தண்ணீர் ரொம்பிக் கேபிள் மிதக்கிறது என்பது வரைக்கும் புரிந்தது. நேர்கோடு சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"எல்லாருக்கும் சிக்னல் போச்சாம். நம்ம தெருவுல மட்டும் எப்படிங்க முழுசா நிக்குது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் சிணுங்கியது. கம்பெனிக் கடிதம். இரண்டு பக்கம், கலரில் முத்திரை, கீழே மேனேஜருடைய கையெழுத்து. துண்டிப்புக் காரணமாகச் சேவையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இத்தனை வருட உழைப்புக்கு நிறுவனம் தலைவணங்குகிறது.

மனைவி தோளுக்கு மேலிருந்து படித்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடிதத்தின் வாசகத்தை விட்டுவிட்டு மேலே இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தார். அனுப்பிய நேரம் பதினொன்று பதினாலு. வந்து சேர்ந்த நேரம் பதினொன்று பதினாலு. அந்த மழையில்.

"முத்திரைகூடக் கலங்கலை பாரு" என்றார்.