குதிக்கும் பொத்தான்

ஈப்போவில் அண்ணன் வீட்டு அலமாரி நிறைய வீடியோ கேம்கள். ஒன்றின் உறையைக்கூட அவர் பிரித்ததில்லை. இன்று எங்கள் பழைய கேம் செட்டையும் அங்கே வைக்கவென்று, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதன் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட்டை மீறிக்கொண்டு புளித்த ரப்பர் பால் வாடை வந்தது. என்னால் உட்கார முடியவில்லை.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, அப்பா அந்தச் செட்டை விருந்தாளிகள் பார்ப்பதற்காகவே ஷோகேஸில் வைத்திருந்தார். மரம் சீவிவிட்டு வரும் அம்மா, கையைச் சரியாகக் கழுவாமலே அதை எடுத்துவிடுவார். அப்பா வருவதற்குள் விளையாடியாக வேண்டுமே! டிவியில் பொம்மை பள்ளத்தைத் தாண்டும்போது அம்மாவும் எம்பிக் குதிப்பார்.

ஒருநாள் அப்பா பொத்தானை மோந்து பார்த்தார். "யாரு பால் கையால தொட்டது?"

"நாந்தான். வெளையாடத்தானே வாங்குனீங்க?" என்றார் அம்மா.

மறுநாள் ஷோகேஸுக்குப் பூட்டு வந்தது. அம்மா அதன்பிறகு குதிக்கவேயில்லை.

"அண்ணே, தொடைக்காதீங்க."

"அழுக்கோட வச்சா அது என்னா கலெக்‌ஷன்லா?"

மூன்று பொத்தான்கள் ஏற்கெனவே பளபளத்தன. குதிக்கும் பொத்தான் மட்டும்தான் மீதி. செட்டைப் பிடுங்கி அதை அழுத்தினேன். ஒட்டிக்கொண்டு, மெதுவாக மேலே வந்தது.

"டிவி எங்கண்ணே?" என்றேன்.