கொம்பு ஏன் முன்னுக்கு நிற்கிறது?

மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. பின்னேரங்களில் தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டித் தடங்கலில்லாமல் வாசிப்பாள். ஒருநாள் பக்கம் புரட்டிக் கொடுத்த நான் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். படத்தில் யானை நின்றது. அவளோ முயலின் கதையை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. ஒரு தாளில் 'படம்' என்று எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, நீங்க முதல் ஒருக்காச் சொல்லுங்கோ. பிறகு நான் சொல்லுறன்."

முழுப் புத்தகத்தையும் காதாலேயே பாடமாக்கி வைத்திருந்தாள். இவ்வளவு ஞாபகம் உள்ள பிள்ளைக்கு மூன்று எழுத்து ஏன் பிடிபடவில்லை? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

"வளர வளரச் சரிவரும்" என்றார் வகுப்பு ஆசிரியை. எனக்குக் காத்திருக்க மனமில்லை. நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை வருவார். கற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பயிற்சி பெற்றவர். ஒரு சனிக்கிழமை மகளோடு பாலம் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் புத்தகத்தைத் தொடவேயில்லை.

"மரம் எண்ட சொல்லில 'ம'வை எடுத்தா என்ன மிஞ்சும் மகள்?"

மகள் யோசித்து, "இலை" என்றாள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. கொப்பியில் குறித்துக்கொண்டார். இன்னும் பல கேள்விகள் கேட்ட பிறகு என்னிடம் சொன்னார்: "டிஸ்லெக்சியா மாதிரித் தெரியுது. எழுத்தையும் ஒலியையும் பொருத்திறது இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். டொக்டரிட்டயும் காட்டுங்க. ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. தன்னால ஏலாது எண்டு பிள்ளை நினைக்க முந்தித் தொடங்கோணும்."

"இது வருத்தமா ரீச்சர், மருந்து எடுக்கோணுமா?"

"இல்லை. படிப்பிக்கிற விதத்தை மாத்தோணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னபடி வீட்டில் தினமும் பத்து நிமிடம். தட்டில் கடற்கரை மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் எழுத வேண்டும். சில வாரங்களில் 'கெ'க்கு வந்தோம். மகள் விரலை எடுத்துவிட்டாள்.

"அம்மா, 'க்'தானே முதல் கேக்குது, பிறகுதானே 'எ'? அப்ப கொம்பு ஏன் முன்னுக்கு நிக்குது?"

முப்பது வருடமாக வாசிக்கிறேன், ஒருநாளும் இது என் கண்ணில் பட்டதில்லை. 'கொ'வை எழுதிப் பார்த்தேன். அங்கே 'ஒ' என்ற ஒரே ஒலி, 'க'வின் இரண்டு பக்கமும் நின்றது. மறுநாள் கடையில் மருந்துப் பெட்டிகளின் தமிழ் எழுத்துகளை எல்லாம் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியையிடம் கேட்டபோது, முதலில் தாளில் 'க'வை எழுதவிட்டு, பிறகு கொம்பைச் சிவப்பில் முன்னால் போடச் சொன்னார். அது மகளுக்குப் பிடித்துக்கொண்டது.

ஒரு பின்னேரம், படகு எஞ்சின் திருத்தும் என் கணவர் குசினி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அந்தக் கொம்பிலதான் பிழை வாறது" என்றார்.

படிவம் எது வந்தாலும் நிரப்ப என்னிடமே தருவார். பஞ்சி, வெறும் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? பள்ளிக்கூடத்தில அடிதான் விழுந்தது."

மகள் மணல் தட்டை அவர் பக்கம் தள்ளி, "அப்பா, நீங்க 'மெ' எழுதுங்கோ" என்றாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. வாசிப்பு மெதுவாகத்தான் போகிறது. எழுத்துப் பிழைகளும் உண்டு. போன மாதம் காலைக்கூட்டத்தில் நற்சிந்தனை வாசிக்கும் முறை அவளுக்கு வந்தது. முதலில் சொல்லித் தரும்படி அதை என்னிடம் கொண்டுவரவில்லை. பள்ளி விட்டு வந்ததும் எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு இடத்தில நிண்டனான். பிறகு வாசிச்சு முடிச்சனான்" என்று சப்பாத்தைக் கழற்றினாள். "அம்மா, பசிக்குது."