இடது இருக்கைக்கு ஐம்பது கிலோ

சேலத்து டயர் கடைக்காரர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "வண்டில வழக்கமா எத்தன பேரு போவீங்கக்கா?"

"ரெண்டு பேருங்க" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

வண்டி அவர் வாங்கியது. இரண்டே இருக்கை உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார், பெங்களூரில் கைமாறி வந்தது. தரையோடு தரையாக இருக்கும். நாமக்கல் கடைவீதியில் நான் அதிலிருந்து எழுந்து வெளியே வருவதைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். லாரி ஓட்டி இடுப்பு ஒடிந்த மனுஷனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன கேடு என்று அவர் தம்பிகள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. வண்டி வந்த அன்றே சாவியை என்னிடம் நீட்டினார்.

"நான் ஓட்டுனது போதும் புள்ள. இனிமே நீதான் டிரைவரு. நான் கிளீனரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இடது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, திரும்பும் இடத்திலெல்லாம் தலையை வெளியே நீட்டி, "லெஃப்ட்ல ஒண்ணுமில்ல, போலாம் ரைட்" என்று கத்துவார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜேடர்பாளையம் அணைக்கட்டு வரைக்கும் போய் வறுத்த மீன் தின்றுவிட்டு வருவோம். அவர் இருந்த வரைக்கும் அந்த வண்டியை நான் ஒற்றையாக ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எங்கள் மூன்று லாரிகளும் அப்படித்தான். காலி வண்டியைப் பட்டறைக்கு விடப் போனாலும் கிளீனர் ஒருத்தர் ஏறிக்கொள்வார். லாரிக்காரர் வீட்டில் ஒற்றையாக வண்டி எடுக்கிற வழக்கமே கிடையாது.

அவர் போனபின் கார் ஷெட்டில் நின்றது. ஒருநாள் உறையை விலக்கிப் பார்த்தால் டயரில் தரையைப் பிடிக்கிற பட்டன் தேயாமல் அப்படியே இருக்கிறது, பக்கவாட்டுச் சுவரெல்லாம் வெடிப்பு விட்டிருக்கிறது. ஓடித் தேய்ந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நின்றே கெட்டுப்போயிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாளே காற்றடித்து, உருட்டிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாகச் சேலம் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து, இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி அமுக்கிப் பார்த்தேன். ஒன்று இறங்கிக் கொடுத்தது. மற்றது அசையவே இல்லை. அசையாததைத் தட்டி, "இதுங்க பாய்" என்றேன்.

"காத்தில்லாத டயர அமுக்கிப் பாத்து முடிவு பண்ணாதீங்கக்கா. ரிம்முல ஏத்துனா வேற மாதிரி இருக்கும்" என்றார் அவர். "இதுக்கு சைடுவால் ரொம்ப கெட்டி. ஸ்டியரிங்க ஒடிச்ச மாத்திரத்துல திரும்பும், வளைவுல சாயாது. ஆனா உங்க வண்டி கனமில்லாத வண்டி. ஒருத்தரா போனா ரோட்டுல இருக்கற மேடு பள்ளமெல்லாம் முதுகுல தெரியும். நாமக்கல்காரங்க நீங்க, காலி லாரி குதிக்கறத பாக்காததா?"

பார்க்காததா! முப்பது வருடம் லாரி டயர் பார்த்தவளுக்கு இவர் பாடம் எடுக்கிறாரே என்று எனக்கு வீம்பு. எங்கள் கணக்கில் சுவர் கெட்டியாக இருந்தால் நல்ல டயர், அவ்வளவுதான். அப்போதுதான் அவர் எத்தனை பேர் என்று கேட்டார். நான் இரண்டு என்றேன். "அப்பச் சரிங்க" என்று நாலையும் மாட்டி, இரண்டு பேருக்கான காற்றை அடித்து அனுப்பினார்.

திரும்புகிற வழியில் புதுச்சத்திரம் வருவதற்குள் என் பொய் எனக்குத் தெரிந்துவிட்டது. பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் வண்டி துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் இடது இருக்கையின் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக்கில் மோதி டக் டக் என்றது. வீடுவரைக்கும் அந்தச் சத்தம். பக்கத்தில் ஆள் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை என்று அது என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தது. நான் அதைத் திட்டினேன். வண்டிக்குள் நான் வாய் திறந்தது அது ஒன்றுக்குத்தான்.

டயரை மாற்றிக் கேட்டிருக்கலாம். காற்றையாவது குறைத்திருக்கலாம். அதற்குப் போய் நின்று, ஒருத்திதான் போகிறேன் என்று சொல்ல வேண்டும். சாவுக்கு வந்தவர்களிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. இனி நீ ஒருத்திதான் என்று அவர்கள்தான் என்னிடம் சொன்னார்கள்.

துள்ளுகிற வண்டிக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். லோடு ஏற்றுவது. மளிகைக் கடையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கி இடது இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். பிரேக் போட்டால் சரிந்தது, பெல்ட் போட்டுவிட்டேன். கொக்கிச் சத்தமும் நின்றது. அவர் எழுபத்திரண்டு கிலோ. ஐம்பது போதவில்லைதான், ஆனாலும் வண்டி அடங்கியது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் மூட்டையைப் பார்த்துச் சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன். இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். வீட்டில் அரிசி தீர்ந்தபோதுகூட அந்த மூட்டையைப் பிரிக்க மனம் வரவில்லை. சமையலுக்குப் புதிதாக ஐந்து கிலோ வாங்கினேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அலைன்மென்ட் பார்க்க அதே கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அரிசியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எப்பவும் ஏத்தற வெயிட்ட வெச்சுத்தான் அலைன்மென்ட் பாக்கணும்க்கா" என்றார். "எப்படிப் பாக்கறதுங்க? மூட்டையோடவா, எறக்கிட்டா?"

அவர் மெஷினைத் தயார் செய்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. நான் எட்டி மூட்டையின் பெல்ட்டைக் கழற்றினேன்.

"எறக்கிருங்க பாய்" என்றேன். "அவரு இல்லீங்க. நான் ஒருத்திதான்."

கடைக்காரர் தலையசைத்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக, தரையில் போடாமல், தன் நாற்காலியிலும் மேசையிலும் வைத்தார். அலைன்மென்ட் முடித்துவிட்டு நாலு சக்கரத்திலும் காற்றை இறக்கினார். "ஒருத்தருக்கு இவ்வளவு வேண்டாங்க" என்றார். அரிசியை அவரையே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

புதுச்சத்திரம் பாலத்தில் வண்டி துள்ளவே இல்லை. சுகமாகப் போனது. அவர் இல்லாமல் அது அவ்வளவு சுகமாகப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, பதினான்கு மாதத்துக்கும் அதற்கு மேலும் சேர்த்து அழுதேன்.

பிறகு எங்கள் தெருவுக்கு இடது பக்கம் திரும்புகிற இடம் வந்தது. எட்டிப் பார்த்தேன். மூட்டை மறைக்காததால் நன்றாகத் தெரிந்தது. எதுவும் வரவில்லை. "போலாம் ரைட்" சொல்ல ஆள் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நானே திருப்பினேன்.