லியனார்ட்டும் பின்சக்கரத்துப் பூட்டும்

ஜீப்பை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கி, தேயிலைக் குச்சி ஒன்றை ஒடித்துச் சேற்றில் குத்துகிறார் லியனார்ட். எவ்வளவு தூரம் இறங்கியது என்று விரலால் அளக்கிறார். பிறகு குச்சியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். சேற்றில் மோந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஊத்துத் தண்ணிச் சேறா, மழைத் தண்ணிச் சேறான்னு தெரியணும்ல ஐயா" என்பார். இரண்டுக்கும் வாசம் வேறாம். நானும் ஒருநாள் வாங்கி மோந்து பார்த்தேன். சேறு சேறாகத்தான் நாறியது.

நோர்வூட்டிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கிற ஊசிப்பாறைத் தோட்டத்தில் பெரிய துரையின் டிரைவர் அவர். வயது நாற்பத்தைந்து. துரை கழித்துப் போட்ட காக்கிக் கோட்டு அவருக்கு முழங்கால்வரை தொங்கும். ஜீப்பும் ஒருவகையில் கழித்துப் போட்டதுதான். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போனதை ஏலத்தில் எடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். முன் சீட்டில் துரை உட்காருவார், துரை மடியில் நாய் உட்காரும், பின்னால் பைல் கட்டோடு நான் உட்காருவேன். நான் அந்தத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். மரியாதை வரிசையும் அதே வரிசைதான்.

லியனார்ட் தொப்பிக்குள் அந்தோனியார் படம் வைத்திருக்கிறார். ஆனாலும் மேக்கணக்குக்கு ஏறுகிற வழியில், மரத்தடிக் கல்லாக நிற்கிற மாடசாமியைக் கண்டதும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடுவார். கேட்டால், "அந்தோனியாருக்கு நோர்வூட்டோட சரிங்க. இதுக்கு மேல இவரு எல்லை" என்பார். எல்லைத் தகராறு இல்லாமல் இரண்டு பேரும் அவரைக் காப்பாற்றி வருகிறார்கள்.

மேக்கணக்கு என்பது தோட்டத்தின் உச்சியில் இருக்கிற டிவிசன். அறுபது குடும்பம். அங்கே போக ஒரே பாதை, அந்தப் பாதையில் மாடசாமி வளைவு. அப்போதெல்லாம் மழைக்காலத்தில் கொழுந்து லொறி அந்த வளைவில் புதைந்தால் லொறி டிரைவர் அழகன் மூன்று தடவை ஹோர்ன் அடிப்பான். மலையில் நிற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளுவார்கள். எங்கள் தோட்டத்து வழக்கம் அது. லியனார்ட்டுக்கு அது மானக்கேடு. "ஹோர்னு அடிச்சு ஆளு கூப்புடுறவன் டிரைவரு இல்லீங்க. அவன் பெரட்டுக்களத்துல கூலியாளு வரிசையில நிக்க வேண்டியவன்" என்பார். பதினொரு வருஷமாக அவர் ஒருதடவைகூட அப்படி அடித்திருக்கவில்லை. இதை அழகன் முன்னால் வாரம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

புதையாமல் போகிற ரகசியம் அவருடைய இடது காலில் இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றால், எஞ்சின் பலம் முழுக்க அதற்கே போய்விடும்; கெட்டித் தரையில் நிற்கிற மற்றச் சக்கரம் அசையாமல் கிடக்கும். அச்சில் இருக்கிற டிபரன்சல் என்ற பல்சக்கரப் பெட்டியின் குணம் அது. "நம்ம ஆபீசு மாதிரிதாங்க. சும்மா சுத்துறவனுக்கே எல்லாம் போவும்" என்று எனக்கு விளக்கினார். நான் முறைத்தேன். அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார். அப்படிச் சுழலும்போது வலது காலால் எண்ணெயைக் கொடுத்துக்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தினால், சுழல்கிற சக்கரம் அடங்கி மற்றதுக்கும் கொஞ்சம் பலம் போகுமாம்.

இந்த லட்சணத்தில்தான் கொழும்பிலிருந்து முத்துலிங்கம் என்ற ஏஜெண்டு, டையும் தோல்பையுமாக வந்து சேர்ந்தார். டிபரன்சலுக்கு ஒரு பூட்டு விற்கிறார். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி. அதை இழுத்தால் பின் அச்சின் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழலும். ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். துரைக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷ எஸ்டிமேட்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. பூட்டு வாங்கினால் மாடசாமி வளைவுக்குக் கருங்கல் போட முடியாது. கல் போட்டால் பூட்டு இல்லை.

துரை லியனார்ட்டைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "பூட்டு வேணுமா, கல்லு வேணுமா? ஓட்டிப் பாத்து நீ சொல்லு" என்றார். பதினொரு வருஷத்தில் துரை அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரை வந்ததெல்லாம் உத்தரவு.

லியனார்ட்டுக்குப் பூட்டு மேல் பைத்தியம் என்று எனக்குத் தெரியும். ஏஜெண்டு கொடுத்த படத்தாளை என்னிடமிருந்து கெஞ்சி வாங்கி, தொப்பிக்குள் அந்தோனியாருக்குப் பின்னால் வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீஸ் ஓய்கிற நேரத்தில் வந்து, "ஐயா, அந்த மூணாவது வரிய இன்னொருக்கா படிங்க" என்பார். நான் படித்துச் சொல்வேன். கல்யாணப் பேச்சைக் கேட்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

சங்கடம் பேச்சியம்மா ரூபத்தில் வந்தது. மேக்கணக்கில் கொழுந்தெடுக்கிறவள், கங்காணியையே கையைக் கட்டி நிற்க வைக்கிற வாய். மகள் அம்மாக்கண்ணுவுக்கு வயிற்றில் ஏழு மாதம். அடைமழை பிடித்தால் எத்தனை பேர் தள்ளினாலும் லொறி மேலே ஏறாது. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். போன வருஷம் நாகலெட்சுமிக்கு வளைவிலேயே பிள்ளை பிறந்தது; பிழைத்தது; மாடசாமி என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் வேலாயி அந்த வளைவைத் தாண்டவில்லை. அவளுடைய மரணத்தை ரிஜிஸ்டரில் எழுதியவன் நான். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வராது.

பேச்சியம்மா ஜீப்பை மறித்து நின்றாள். "டிரைவர் தம்பி, அந்தப் பூட்டு வந்தா எம்மவள ஏத்திக்கிட்டுப் போவுமா?"

துரையின் ஜீப்பில் துரையும் நாயும்தான் போகலாம் என்பது அவளுக்கும் தெரியும். லியனார்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தார். அன்று மத்தியானம் படத்தாளைப் படிக்கச் சொல்லவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, "நல்ல சாமாந்தாங்க. எங்காலு செய்யாத வேலைய அது செய்யும். ஆனா அது ஒரு வண்டிக்கு. கல்லுன்னா லொறிக்கும் ஆவும், கம்பளி தூக்குறவனுக்கும் ஆவும்" என்றார். அப்படியே துரையிடம் சொல்லிவிடலாமே என்றேன். "வாயால சொன்னா தொரைக்கு ஏறுமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். எத்தனையோ கடுதாசியைத் துரை மேசையில் வைத்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்தவன் நான். 

இப்போது அந்த வளைவில் கருங்கல் பாவியிருக்கிறது. லொறி மேக்கணக்கு லயத்து வீடுகளின் வாசல்வரை போகிறது. அம்மாக்கண்ணு லொறியின் முன் சீட்டில் உட்கார்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பூட்டு ஆபத்தான சாமான், அதனால்தான் அதை வேண்டாம் என்றேன் என்று துரை இன்றும் கிளப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடந்ததை நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன்.

சோதனை நாளன்று ஏஜெண்டு தம்முடைய பூட்டுப் போட்ட ஜீப்பை முதலில் தாமே ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அது வளைவைக் கடந்தது. துரை சிரித்தார், நாய் குரைத்தது. வாங்குவதற்கான கடிதம் கையெழுத்துக்குத் தயாராக என் மடியில் இருந்தது. பிறகு வண்டியைக் கீழே கொண்டுவந்து லியனார்ட்டிடம் கொடுத்தார்கள். நானும் ஏஜெண்டும் பின்னால், துரையும் நாயும் முன்னால்.

லியனார்ட் இறங்கிக் குச்சியால் சேற்றைக் குத்தவில்லை. மாடசாமியை மட்டும் கும்பிட்டார், அன்றைக்கு இரண்டு கையாலும். ஏறி உட்கார்ந்து, பூட்டின் பிடியை ஒருதடவை உள்ளங்கையால் தடவிக் கொடுத்துவிட்டு இழுத்தார். நேரான ஏற்றத்தில் வண்டி அருமையாக ஏறியது. அந்த ஐம்பது கஜமும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதில் பொய் இல்லை.

வளைவு வந்தது. பூட்டுப் போட்ட வண்டி லேசில் திரும்பாது, நேராகவே ஓடப் பார்க்கும். திருப்புவதற்கு முன் பிடியைத் தள்ளிவிட வேண்டும். ஏஜெண்டு முதலிலேயே சொன்னதுதான். படத்தாளில் அந்த மூன்றாவது வரியும் அதுதான்.

"பூட்டை எடும், ஐசே. பூட்டை எடும்" என்று ஏஜெண்டு கத்தினார். லியனார்ட்டுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினார், பிடியைத் தொடவில்லை. வண்டி நேராகப் போய்ப் பாதையோரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கியது. அவர் எண்ணெயைக் கொடுத்தார். சக்கரமெல்லாம் சேர்ந்து தோண்டின. துரை மேலும், நாய் மேலும், என் மடியில் இருந்த கடிதத்தின் மேலும் சேறு விழுந்தது. அச்சு மூழ்கும்வரை கொடுத்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

கீழே பாதையோரம், வேடிக்கை பார்க்க வந்த அழகன் லொறியில் சாய்ந்து நின்றான். மேலே மலையில் பேச்சியம்மாவும் மற்றப் பெண்களும் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லியனார்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கோட்டின் கையால் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை ஹோர்னில் வைத்து மூன்று தடவை அடித்தார், மூன்றாவதைக் கொஞ்சம் நீளமாகவே.