நெஞ்சுப் பயிற்சிக்கு ஆள் பிடித்த கதை

இலவசமாகக் கொடுப்பதை விற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வியாபாரம். ஆள் பிடிக்கும் வேலை பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். தெருத்தெருவாகப் பாத்திரம் விற்று, பேரம் பேசியே தலையெடுத்தவன் நான். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரி என்னை வேலைக்கு வைத்தது. மூச்சிரைப்புக்காரர்களுக்கு வீடியோ காட்டி, நுரையீரல் பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டும். இந்த மாதமும் ஆள் வராவிட்டால் வகுப்புக்கும் பூட்டு, என் பிழைப்புக்கும் பூட்டு.

மெழுகுவர்த்தி

வீடியோவில் ஒருவர் உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்தி அணையாமல் சுடர் மட்டும் ஆடும்படி ஊதுவார். ஆயுசெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த லட்சுமியக்கா உற்றுப் பார்த்தார்.

“ஊதுனா அணையணும் தம்பி. அணைக்கத் தெரியாதவன்கிட்டயா என்னையப் படிக்க அனுப்புதீய?”

பார்த்தாச்சு

ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பெரியவர் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். ஆள் விழுந்துவிட்டார் என்று பேனாவை எடுத்தேன். “வகுப்பு எதுக்கு? பார்த்ததுலயே நெஞ்சு லேசாயிட்டு” என்றார். பார்த்தால் போதாது, செய்ய வேண்டும் என்று நான் கத்திய கத்தலில் எனக்கே மூச்சு வாங்கியது. அவர் இரக்கத்தோடு சொன்னார்:

“நீங்களும் ஒருக்கா உக்காந்து வீடியோவப் பாருங்க அண்ணாச்சி, சரியாப் போகும்.”

பூங்கா

அதே வீடியோவில் ஒருவர் பூங்காவில் கைவீசி நடப்பார். விளாத்திகுளத்து மிளகாய் விவசாயி ஒருவர் கவலையோடு கேட்டார்:

“சுத்திச் சுத்தி நடக்காரே, ஆடு எதுவும் காணாமப் போச்சா?”

உள்ளூர் நடிகர்

இனி வீடியோவில் நம்ம ஊர் முகம்தான் என்று முடிவு கட்டினேன். வகுப்பில் சேர்ந்து தேறியிருந்த ஒரே ஆள் கழுகுமலை சண்முகையா. நடிக்கப் புது வேட்டி கேட்டார். பேசிப் பேசித் துண்டுக்கு இறக்கினேன். முதல் பாதியில் கட்டிலில் கிடந்து மூச்சு இளைப்பார். மறுபாதியில் விறுவிறுவென நடப்பார். எந்தப் புண்ணியவானோ முதல் பாதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான்.

மறுநாள் அவருடைய சொந்தக்காரர்கள் மாலையோடு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். தகவல் கேட்டு நானும் ஓடினேன். வாசலில் ஒப்பாரி. வீட்டில் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, எங்கேயும் நிற்காமல் நடந்து வந்தார் சண்முகையா. “ஏலே, யாருக்கு என்ன ஆச்சு?” என்று அவரே கேட்டதும் ஒப்பாரி நின்றது. வேனிலிருந்து இறங்கியதற்கே இளைத்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான், மாலையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“அந்த வகுப்பு எங்கன நடக்குது? வேன் நிக்கும்போதே சொல்லுங்க, எங்கள்ல பாதிப் பேருக்கு இளைப்புதான்.”

வகுப்பு பிழைத்துக்கொண்டது, ஆனால் ஒருத்தர் தேறிவிட்டார் என்று நாயாய்ப் பேயாய்க் கத்தியபோது எட்டிப்பார்க்காத சனம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றதும்தான் வேன் பிடித்து வந்து சேர்ந்தது.